இரவல் போன அந்தி

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தியைத் திருப்பித் தர முடியாது என்று அக்காவிடம் நான் கத்திய ஞாயிற்றுக்கிழமை அது மூக்கைத் தாண்டி உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. முழுக்கதை தெரியாமல் என்னைத் திட்டவேண்டாம். தெரிந்த பிறகு தாராளமாகத் திட்டலாம்.

நாங்கள் நாலு பேர். ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் லிஃப்ட் பழுதுபார்க்கும் பட்டறையில் கூடுவோம். இரும்புக் கயிறு சுற்றி வருகிற பெரிய மர உருளை ஒன்றைப் படுக்கப்போட்டால் அதுதான் மேசை. மூலையில் கண்ணாடி பதித்த பழைய லிஃப்ட் பெட்டி ஒன்று எங்கேயும் போகாமல் நிற்கும். விளையாட்டு எளிதானது. ஒருவர் ஒரு கற்பனை நாட்டைச் சொல்வார், மற்றவர்கள் அந்த நாட்டில் ஆளுக்கொரு வேஷம் கட்டி வாழ்வார்கள். வாள் வெட்டுமா, படகு கரைசேருமா என்பதைப் பகடை சொல்லும். ஒரு வாரம் அக்காவின் நாடு, நெடுமணல். மறுவாரம் என் ஊர், ஓயாத்துறை.

அக்கா பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். பல்வலியோடு போன் செய்கிறவர்களுக்கு "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்று அவள் சொன்னாலே பாதி வலி போய்விடும். அப்படி ஒரு குரல். அந்தக் கட்டடத்து லிஃப்டைச் சரிசெய்ய வந்த எங்கள் பட்டறை லிஃப்ட்காரர் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றாராம். அவர் அதைப் பதிவு செய்து மாட்டியதில், இன்றைக்கு எங்கள் ஊரில் பதினொரு கட்டடங்களில் "கதவு திறக்கிறது", "கதவு மூடுகிறது, தயவுசெய்து விலகி நிற்கவும்" என்று சொல்வது என் அக்காதான். நெடுமணலைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அதே இரண்டு வரிகளைச் சொல்லி எங்களைச் சிரிக்கவைப்பாள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைக்கிறவள். என் குரலும் ஏறக்குறைய அந்த இயந்திரம் போடுகிற சத்தம்தான்.

நாலாவது ஆள் கணக்கு டியூஷன் எடுப்பவர். எதற்கெடுத்தாலும் "எனக்கு ஒரு சந்தேகம்" என்று கையைத் தூக்குவதால் அவர் பெயரே சந்தேகம் ஆகிவிட்டது. எங்கள் விதி பிறந்ததும் அவரால்தான். ஆரம்பத்தில் அக்காவின் ஒற்றைக்கண் டிராகனை நான் என் ஊருக்கு எடுத்துக்கொண்டேன். ஒரே மாதத்தில் அது நெடுமணலில் செத்துப்போனது, ஓயாத்துறையில் முட்டை போட்டது.

"எனக்கு ஒரு சந்தேகம். செத்தது எது, முட்டை போட்டது எது?"

மூன்று வாரம் இதே பேச்சு. கடைசியில் லிஃப்ட்காரர்தான் தீர்ப்பு சொன்னார்.

"ஒரு லிஃப்டுல இருந்து மோட்டாரைக் கழட்டி இன்னொண்ணுல மாட்டினா, அது அங்க ஓடும், இங்க ஓடாது. ரெண்டு இடத்துலயும் ஓடுதுன்னா அது மோட்டார் இல்ல தங்கச்சி, பொய்."

பட்டறைச் சுவரில் கொக்கிகள் அடித்த பலகை ஒன்று உண்டு. ஏதாவது ஒரு பாகம் வெளியே போனால் அதற்குரிய கொக்கியில் ஓர் அட்டை தொங்கும். என்ன போனது, யார் எடுத்தது, எப்போது திரும்பும் என்று மூன்று வரி. எங்களுக்கும் அதில் ஒரு வரிசை ஒதுக்கிக் கொடுத்தார். கொடுத்தால் கொடுத்தவரிடம் இருக்காது. திரும்பி வரும்போது அதில் ஒட்டியிருக்கிற எண்ணெய், துரு, திருகாணி எல்லாம் கூடவே வரும். அவ்வளவுதான் சட்டம்.

அப்படி நான் வாங்கியதுதான் அந்தி.

கடையில் குளிர்கண்ணாடிக்கு நிறம் காட்ட ஒரு மாதிரித் தட்டு வைத்திருக்கிறோம். உச்சிவெயிலில் அதிலிருந்த பழுப்பு லென்ஸ் வழியாகத் தெருவைப் பார்த்தேன். சைக்கிள், தபால்பெட்டி, எதிர்க்கடைப் பூனை, எல்லாம் சாயங்காலத்துக்குள் போய்விட்டன. அன்றைக்கே அக்காவிடம் நெடுமணலின் அந்தியைக் கேட்டேன்.

"எடுத்துக்கோடி. எனக்குப் பகலும் ராத்திரியும் போதும்" என்றாள். அட்டை எழுதி மாட்டினோம். திரும்பும் நாள் போடவில்லை.

இரண்டு வருடம் ஓயாத்துறையில் விடாமல் அந்தி. அங்கே நிழல்கள் தண்ணீர் மேல் நீண்டு கிடக்கும், பிள்ளைகள் அதன்மேல் நடந்து அக்கரைக்குப் போவார்கள். தூங்க வேண்டியவர்களைப் படகில் ஏற்றி நடு ஆற்றுக்குக் கொண்டுபோவார்கள், தூக்கம் அங்கேதான் கிடைக்கும். என் ஊரில் அக்கா எடுத்துக்கொண்ட வேஷம் விளக்கு விற்கிறவள். இருட்டவே இருட்டாத ஊரில் விளக்கு! ஒன்றுகூட விற்கவில்லை. ஆனாலும் வாராவாரம் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து, "இன்னும் கொஞ்ச நேரத்துல இருட்டிடும், வாங்கி வச்சுக்கோங்க" என்று கூவுவாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

அந்தி இல்லாத நெடுமணலோ இன்னும் விசித்திரமாகிவிட்டது. கடை ஷட்டரை இழுத்து விட்டதுபோல் பகல் முடிந்த கையோடு இரவு விழும். விடைபெற நேரம் இல்லாததால் அங்கே மனிதர்கள் சந்தித்தவுடனேயே "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள். கூடு திரும்ப முடியாத பறவைகள் அகப்பட்ட தோளில் தூங்கும். அங்கே நான் கிணறு வெட்டுகிறவள். என் தோளில் எப்போதும் ஒரு கொக்கு. இல்லாத ஒன்றை வைத்தே அக்கா ஒரு நாட்டைக் கட்டிவிட்டாளே என்று எனக்கு உள்ளூரப் பொறாமை.

பிறகு அக்காவின் தொண்டை கட்டியது. முதலில் கேலி செய்தோம். பதினொரு லிஃப்டில் இரவு பகலாகப் பேசினால் கட்டாமல் என்ன செய்யும் என்றார் சந்தேகம். இரண்டு மாதமாகியும் சரியாகவில்லை. டாக்டரிடம் போனாள், பரிசோதனை செய்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை, நோயாளிக்கு நேரம் குறித்துக் கொடுக்கிற அதே தொனியில் எங்களிடம் சொன்னாள்.

"கட்டியோட குரல்வளையையும் எடுத்துடுவாங்களாம். வர்ற ஞாயிறு கழிச்சு வர்ற செவ்வாய்க்கிழமை. உயிருக்குப் பயமில்ல. இந்தக் குரல்தான் இனிமே இருக்காது."

சந்தேகம் பகடையை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அதனால என் அந்தியைத் திருப்பிக் கொடுடி. ஒரே ஒரு தடவை அதை என் வாயால சொல்லணும்."

"முடியாது" என்றேன்.

"ஏன்?"

"என் படகு நடு ஆத்துல நிக்குது. ஆளுங்க தூங்கிட்டிருக்காங்க. இப்போ அந்தியை உருவினா அவங்க எங்க போவாங்க? நினைச்சா கொடுக்கறது, நினைச்சா பிடுங்கறது! இது என்ன விளையாட்டா?"

விளையாட்டுதான். கத்தும்போதே எனக்கும் தெரிந்தது. படகும் காரணமில்லை, தூங்குகிறவர்களும் காரணமில்லை. அந்தி என்னிடம் இருக்கும்வரை அக்காவுக்கு ஒரு பாக்கி இருக்கும். அதை வாங்காமல் அவள் குரல் போகாது என்று ஏதோ ஒரு மூலையில் நான் நம்பினேன். பயம். பச்சைப் பயம். அது வாயில் கோபமாக வந்தது.

"சரி, அதுக்குப் பதிலா வேற ஏதாவது எடுத்துக்கோ" என்றாள் அக்கா. "என்ன வேணும்னாலும் கேளு."

"உன்கிட்ட எனக்கு வேண்டியது ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டு செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பி வந்துவிட்டேன்.

நான் குடியிருப்பது ஐந்தாவது மாடி. லிஃப்ட் வாசலில் போய் நின்றேன். "கதவு மூடுகிறது, தயவுசெய்து விலகி நிற்கவும்" என்றாள் அக்கா. விலகி நின்றேன். வியாழக்கிழமை வரை படியேறினேன். முழங்கால் கெஞ்சியது, வீம்பு விடவில்லை.

வெள்ளிக்கிழமை கடையில் கூட்டமில்லை. பழுப்பு லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தேன். பழுப்பாக ஒரு தெரு, அவ்வளவுதான். அந்தியைக் காணோம். என் ஊரை எனக்கே சொல்லிப் பார்த்தால் வருமோ என்று, "வெயில் தன் பாயைச் சுருட்டத் தொடங்கியது" என்று மெல்ல ஆரம்பித்தேன். இரண்டு வருடமாக நான் சொல்லி வந்த வரி அது. அந்தியைக் கொடுத்த அன்று அக்கா அதைச் சொல்லித்தான் கொடுத்திருந்தாள். என் வாயிலிருந்து வந்தது லென்ஸ் அரைக்கிற சத்தம். மனசுக்குள் கேட்டது அவள் குரல். ஓயாத்துறையின் அந்தி மொத்தமும் எனக்குள் அவள் குரலில்தான் இருந்திருக்கிறது. அதையா நான் பூட்டி வைத்தேன்? பழுப்பு லென்ஸை வைத்துவிட்டு அரைக்க உட்கார்ந்தால், கையிலிருந்த லென்ஸ் விளிம்பில் தெறித்துப் போனது. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு வேறொரு லென்ஸை எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் லிஃப்டில் ஏறினேன். ஐந்தாவது மாடிக்குப் போய், இறங்காமல் மறுபடி கீழே வந்து, மறுபடி மேலே போனேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னம்மா, சாவியைத் தொலைத்துவிட்டாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாகப் பட்டறைக்குப் போனேன். அக்கா வந்ததும் அந்தியின் அட்டையைக் கொக்கியிலிருந்து கழற்றி அவள் கையில் கொடுத்தேன். மன்னிப்பு கேட்கத்தான் நினைத்தேன், தொண்டை அடைத்தது. "எனக்கு அடைச்சா நியாயம், உனக்கு என்னடி?" என்று கன்னத்தில் தட்டினாள்.

"கதவு திறக்கிறது" என்று ஆரம்பித்தாள். கரகரப்புக்கு நடுவே பழைய குரல் எட்டிப் பார்த்தது.

"வெயில் தன் பாயைச் சுருட்டத் தொடங்கியது. நெடுமணலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சூரியனுக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். மணல் முதலில் மஞ்சளானது, பிறகு ரோஜாநிறம், பிறகு பெயரில்லாத ஒரு நிறம். தோள்களில் இருந்த பறவைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. இத்தனை நாள் எங்கே போவதென்று தெரியாதிருந்த அவற்றுக்கு இப்போது மரங்கள் தெரிந்தன."

என் தோள் லேசானது. சத்தியமாக.

"மணலின் ஓரத்தில் தண்ணீர் மினுங்கியது. அதில் ஒரு படகு வந்தது."

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றார் சந்தேகம். "அது ஓயாத்துறைப் படகாச்சே?"

"ஒட்டியிருந்தது கூடவே வரும்" என்றார் லிஃப்ட்காரர், பேசாதே என்று கையைக் காட்டியபடி.

"படகில் இருந்தவர்கள் கண்விழித்தார்கள். அவர்களில் ஒருத்தி விளக்குக் கூடையோடு கரையில் இறங்கினாள். 'இன்னும் கொஞ்ச நேரத்துல இருட்டிடும், வாங்கி வச்சுக்கோங்க' என்று கூவினாள்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. இங்கே இருட்டத்தான் போகிறது.

"எனக்கு ஒண்ணு கொடு" என்றேன்.

அக்கா கைகளைக் குவித்து இல்லாத விளக்கை என் கையில் வைத்தாள். பிறகு நெடுமணலின் மனிதர்கள் வாழ்க்கையில் முதல்முறையாக, பேசி முடித்த பிறகு "போயிட்டு வரேன்" என்று ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டார்கள்.

"கதவு மூடுகிறதுன்னு சொல்லலையே?" என்று சந்தேகம் கேட்டார். அக்கா சிரித்துக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஐந்து ஞாயிறு போன பிறகு அக்கா பட்டறைக்கு வந்தாள். கழுத்தில் மெல்லிய துண்டு, கையில் நோட்டும் பென்சிலும். இளைத்திருந்தாள், கண்களில் மட்டும் பழைய குறும்பு. கணக்குப்படி அது நெடுமணல் வாரம். அதை எப்படி எடுப்பது என்று தெரியாமல் நான் பகடையை உருட்டிக்கொண்டிருந்தேன்.

லிஃப்ட்காரர் என்னைப் பலகைப் பக்கம் கைகாட்டினார். அந்தி தொங்கிய கொக்கியில் புது அட்டை. அக்காவின் குண்டு குண்டு எழுத்து.

போனது: குரல்.
எடுத்தது: தங்கச்சி.
திரும்புவது: நான் கேட்கும்போது.

"நீ கத்திட்டுப் போனியே, அன்னிக்கே எழுதிக் கொடுத்துட்டாங்க" என்றார் லிஃப்ட்காரர். "ஆபரேஷன் அன்னிக்குக் காலையில மாட்டச் சொன்னாங்க. டாக்டர் கை வைக்கறதுக்கு முன்னாடி உன்கிட்ட வந்துடணுமாம்."

வேண்டியது ஒண்ணும் இல்லை என்று சொன்னவளுக்கு அவள் கொடுத்தது இது. நான் அழுதேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அசிங்கமாக, பட்டறை முழுக்கக் கேட்கும்படி அழுதேன்.

அக்கா கொஞ்ச நேரம் விட்டுப் பிடித்தாள். பிறகு, ஆட்டத்தில் யாராவது மசமசவென்று இருந்தால் எப்போதும் செய்வதுபோல் பென்சிலால் மர உருளையில் இரண்டு தட்டு தட்டினாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சந்தேகம் கையைத் தூக்கவில்லை.

"கதவு திறக்கிறது" என்றேன்.