ஐந்தாம் குடிசையின் துணிக்கொடி

1

இந்தக் கதை எனக்கு ஒரு துணிக்கொடியிலிருந்து கிடைத்தது. தோன்சாய்க் கடற்கரையில், பாறை ஏற வருகிறவர்களுக்குக் குடிசைகள் வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவன் நான். எழுதுவது மழைக்காலத்து வேலை, ஆள் வராதபோது. ஐந்தாம் குடிசைக்கு முன்னால் இரண்டு மரங்களுக்கு நடுவே போன வாரம்வரை ஒரு கொடி ஓடியது. நீலக் கயிறு, இடையிடையே மஞ்சள் புள்ளிகள். அதை நான் கட்டவில்லை. தங்க வந்த மூன்று பேர் கட்டியது. மூவரில் ஒருவன் செத்துப்போனான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை இழுத்தடித்துச் சாவைக் காட்டுகிற வித்தை எனக்குப் பிடிக்காது.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: “கடல் மரகதமாய் மின்னிய அந்தக் காலையில், முதுகில் மூட்டையும் நெஞ்சில் கனவுமாக மூன்று நண்பர்கள்…”

சுற்றுலாக்காரர்களுக்கு அச்சடித்த தாள் போல இருந்தது. விட்டுவிட்டேன்.

2

மூவரும் ட்ராங் ஊர்க்காரர்கள். மேக் மோட்டார் சைக்கிள் மெக்கானிக். தியென் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள். ஜொய் தன் அம்மாவின் நூடுல்ஸ் கடையில் சூப்புப் பானைக்குக் காவல். வருடத்துக்கு ஒரு முறை விடுப்பெடுத்துக்கொண்டு தீவு தீவாகப் போய்ப் பாறை ஏறுவார்கள். அந்த முறை மேக் புதுக் கயிறு வாங்கியிருந்தான். கல்யாணம் பண்ணிக்கொண்டவன் மாதிரி அதைக் கட்டிக்கொண்டு தூங்குகிறான் என்று மற்ற இருவரும் கேலி செய்தார்கள்.

(பாறை ஏறாதவர்களுக்கு: ஏறுகிறவன் கயிற்றின் ஒரு நுனியை இடுப்பில் கட்டிக்கொள்கிறான். கயிறு உச்சியிலுள்ள வளையத்துக்குள் புகுந்து கீழே நிற்பவன் கைக்கு வருகிறது. அவன் மெல்ல விட்டுக்கொடுத்து ஏறியவனை இறக்குகிறான். ஆகவே பாறையின் உயரத்தைப் போல இரண்டு மடங்குக் கயிறு வேண்டும். குறைந்தால், கீழே இருப்பவன் கையிலிருந்து மறுநுனி உருவிக்கொண்டு போய்விடும். அந்த நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுவைத்தால் போகாது. இவ்வளவுதான் விஷயம். கதை முழுக்க இந்த முடிச்சில்தான் இருக்கிறது. இதற்கு மேல் தொழில் நுணுக்கம் எதுவும் கேட்க மாட்டேன்.)

3

முந்தைய தீவில் தியென் கடைசியாக ஏறினாள். சோம்பலில் கயிற்றைக் கூரான விளிம்பின் மேல் போட்டு இழுத்தாள். நுனியிலிருந்து நன்றாகத் தள்ளி உறை கிழிந்து உள்நூல் தெரிந்தது. இங்கே வந்து சேர்ந்ததும், ஆண்கள் இருவரும் ஐஸ் வாங்கப் போன நேரத்தில், கிழிசலுக்கு உள்பக்கமாக வெட்டி, வெட்டிய இடத்தை லைட்டரால் தீய்த்தாள். வெட்டியெடுத்த துண்டு நீளமானது. வீணாக்குவானேன் என்று கொடி கட்டி எல்லோருடைய துணியையும் துவைத்துக் காயப்போட்டாள்.

முதல் பிரதியில் தியென்னைக் கள்ளியாக எழுதியிருந்தேன். உதட்டைக் கடிப்பதும் கண்ணைத் திருப்புவதுமாக ஒரு நாடகம். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று இருந்தாள், அவ்வளவுதான். மேக்கின் புதுக் கயிறு. அவன் முகம் வாடுவதைப் பார்க்க அவளுக்கு மனமில்லை. இங்கே இதைக் கிரேங் ஜாய் என்பார்கள். அடுத்தவர் மனம் நோகுமே என்று நம் வாயை நாமே கட்டிக்கொள்வது. நல்ல குணம். பிள்ளைகளுக்கு அதைத்தான் ஊட்டி வளர்க்கிறார்கள்.

4

இனி மேக்.

காலையில் கயிற்றைச் சுருளாக்கும்போது நுனி கறுப்பாகத் தீய்ந்திருப்பதை அவன் பார்த்தான். தலை நிமிர்ந்தால் எதிரே கொடி. அதே நீலம், அதே மஞ்சள். அதில் ஜொய்யின் அரைக்கால்சட்டை தொங்கியது. எல்லாம் அவனுக்குப் புரிந்துவிட்டது. எவ்வளவு நீளம் என்பது மட்டும் புரியவில்லை. கொடியை இரண்டாக மடித்து மரத்தைச் சுற்றிக் கட்டியிருந்தாள். பார்வைக்குச் சின்னதாகத் தெரிந்தது.

தியென் காப்பியோடு வந்தாள்.

“என்னடா, பொண்டாட்டி நல்லாத் தூங்குனாளா?”

“தூங்குனா.”

“கோவமா இருக்கியா?”

“இல்லையே. எதுக்கு?”

அவள் அந்த நேரம் சொல்லிவிடப் பார்த்தாள் என்று மேக் இன்றைக்கும் நம்புகிறான். ஆனால் ஜொய் பக்கத்தில் இருந்தான். அவன் வாய் சும்மா இருக்காது. நாள் முழுக்க அவளை ஓட்டுவான். அதனால் மேக் சிரித்துவைத்தான். அவளுக்கு உதவுவதாகத்தான் நினைத்தான்.

பாறையடியில் வழக்கமாக நுனியில் முடிச்சுப் போடுகிறவன் மேக். அன்று நுனியைக் கையில் எடுத்தான். தியென் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கறுத்த நுனியை அவள் கண்முன் பிடித்து முடிச்சுப் போடுவது, நீ வெட்டியது எனக்குத் தெரியும் என்று ஊர்கூட்டிச் சொல்வது போல அவனுக்குப் பட்டது. கயிறு நீளமானதுதானே. நுனியைச் சுருளுக்கு அடியில் தள்ளி மறைத்தான்.

ஜொய் ஏறி முடித்து, கீழே கயிற்றைப் பிடித்திருந்த மேக்கைப் பார்த்து உச்சியிலிருந்து கத்தினான்.

“எறக்குடா. பசி உயிர் போகுது.”

“வரியா, வடம் புடிச்சு இழுக்கணுமா?”

“ஆமைக்குப் பொறந்தவனே, வேகமா விடுடா.”

மேக் வேகமாக விட்டான்.

மூன்றாள் உயரம் பாக்கி இருக்கும்போது கை காலியானது. கீழே மணல் இருந்திருந்தால் கால் ஒடிந்து பிழைத்திருப்பான். இருந்தது பாறை.

(இங்கே ஒரு பத்தி எழுதினேன். சத்தத்தைப் பற்றி. அது வேண்டாம்.)

5

விசாரிக்க வந்தவர்களிடம் இரண்டு பேராலும் பேச முடியவில்லை. கூட்டத்தில் யாரோ, பையன் கயிற்றைச் சரியாகக் கட்டியிருக்க மாட்டான் என்றார்கள். அதையே எழுதிக்கொண்டு போனார்கள். செத்தவன் மறுத்துப் பேசவா போகிறான்.

ஜொய்யின் அம்மா, நோம் அக்கா, சடங்கு முடிந்ததும் மேக்கின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மன்னிச்சிருப்பா. எம் பையன் உங்க ரெண்டு பேரோட லீவையும் கெடுத்துட்டான். சின்னதுலருந்தே அவன் அப்படித்தான், சட்டைக்குக்கூட ஒழுங்கா பித்தான் போட மாட்டான்.”

மேக் கும்பிட்டான். தியென் வாசலில் செருப்பைத் தேடுவது போலக் குனிந்தவள் நிமிரவே இல்லை.

இதை என்னிடம் சொன்னபோது மேக் அழவில்லை. “அவன் ஒழுங்காத்தான் கட்டியிருந்தான், அண்ணே. நானே சோதிச்சேன். அவன் கட்டு பிரியவே இல்ல,” என்றான். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னான். எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. இதை என்னிடம் ஏன் சொல்கிறாய், அந்த அம்மாவிடம் போய்ச் சொல் என்றேன். சொன்னால் தியென்னைப் பற்றியும் சொல்ல வேண்டுமே என்றான். இன்னும் கிரேங் ஜாய்.

6

முடிவுகள்.

ஒன்று: மேக் எல்லாவற்றையும் சொல்கிறான், அந்த அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுகிறார், மழை பெய்கிறது. எழுதியவுடன் கிழித்தேன். மன்னிப்பை அவர் கையில் திணிக்க நான் யார்.

இன்னொன்று: தியென் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறாள், மேக்

இல்லை. அது மேக் தப்பித்துக்கொள்ள நான் வெட்டிக்கொடுத்த வழி.

நடந்தது இது. போன வாரம் நோம் அக்கா மேக்கோடு இங்கே வந்தார். ஜொய் கடைசியாகத் தங்கிய இடத்தைப் பார்க்க வேண்டுமாம். அரைக்கால்சட்டை இன்னும் கொடியில்தான் கிடந்தது. எடுக்க எனக்குக் கை வரவில்லை. வெயிலில் வெளுத்திருந்தது. அவர் அதை எடுத்து உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு கொடியை இழுத்துப் பார்த்தார்.

“நல்ல கெட்டிக் கயிறா இருக்கே. கடைப் பின்னாடி துணி காயப்போட இந்த மாதிரிதான் தேடிட்டிருந்தேன். இது ஏதுப்பா?”

நான் மேக்கைப் பார்த்தேன். அவன் கொடியைப் பார்த்தான். அவர் முடிச்சை அவிழ்த்து, மடித்துக் கட்டியிருந்ததைப் பிரித்து, சமைத்துப் பழகிய கையால் முழம் போட ஆரம்பித்தார். முழங்கள் கூடிக்கொண்டே போயின.

“எவ்ளோ நீளம் பாரு,” என்றார்.

மேக் சொன்னான்: “அம்மா,

இதற்கு மேல் நான் எழுதவில்லை. அங்கே என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும், பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் அதை எழுதினால் நீங்கள் படித்து முடித்துப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். கயிறு இப்போது உங்கள் எதிரே கிடக்கிறது. அந்த அம்மா தோளில் மகன் துணியோடு நிமிர்ந்து பார்க்கிறார். தன் பையன் கட்டத் தெரியாதவன் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். வாயைத் திறந்தாயிற்று. மீதியை நீங்கள் சொல்லுங்கள்.