வாசிக்கும் நேரம்

ஏடு மென்பொருளின் ஏழாம் பதிப்பு ஒரு திங்கட்கிழமை காலை வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்தின் தலைப்புக்குக் கீழும், அதை வாசித்துக்கொண்டிருப்பவர் எவ்வளவு நேரமாக வாசிக்கிறார் என்பது தெரிய ஆரம்பித்தது. பழைய பதிப்புகளிலும் வாசிக்கும் நேரம் என்று ஒன்று உண்டு. அது உத்தேசம். சொற்களை எண்ணி மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் என்று போட்டுவிடும். ஏழாம் பதிப்பு உத்தேசம் பார்ப்பதில்லை. யார் வாசிக்கிறார்களோ அவர்கள் பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டு வந்து எழுதியது.

கோகிலவாணி கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனிக்குக் கையேடு எழுதுபவள். மோட்டாரை எப்படிப் பொருத்துவது, எந்த வயரை எங்கே கொடுப்பது, சத்தம் வந்தால் என்ன செய்வது என்று கோப்பு கோப்பாக எழுதி வைப்பாள். ஏடு அவற்றை எடுத்து வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பக்கங்களாகக் கட்டி இணையத்தில் நிறுத்தும். அதற்கு பில்ட் என்று பெயர். நிறுத்தியபின் அடுத்த வெள்ளிக்கிழமை வரை ஓர் எழுத்துகூட அசையாது. அந்த அசையாத தன்மைக்காகத்தான் அவளுக்கு இந்த வேலை பிடித்திருந்தது.

புதிய பதிப்பில் வேறு வசதிகளும் இருந்தன. திரைக்கு இருண்ட தோற்றத்தைத் தேர்ந்தெடுத்தால் கணினி இருக்கும் அறையிலும் சாயந்தரமாகிவிடும். செவ்வாய்க்கிழமை விற்பனைப் பிரிவில் யாரோ தெரியாமல் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பதினொன்றரை மணிக்கே எல்லோரும் டிபன் கேரியரைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். தேடுபெட்டியில் தப்பாக எழுதினாலும் சரியானதைக் கொண்டுவந்து கொடுத்தது, கூடவே எழுதியவரை லேசாகத் தட்டியும் கொடுத்தது.

கண்டிப்பு என்ற வசதிதான் சிக்கல். அதை அணைக்கவும் முடியாது. பத்து நிமிடத்துக்கு மேல் யாராவது ஒரே பக்கத்தில் நின்றால் அந்த வாரத்து பில்ட் முழுவதும் நின்றுவிடும். பக்கம் புரியும்படி எழுதப்படவில்லை என்பது அதன் எண்ணம்.

புதன்கிழமை கோகிலவாணி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். நான்கு நிமிடம். ஆறு நிமிடம். இரண்டு நிமிடம். முன்னூற்றுப் பதினேழாவது பக்கத்தின் தலைப்பு ‘மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறாவிட்டால்’. அதன் கீழே இப்படி இருந்தது: வாசிக்கும் நேரம் பதினோரு வருடம், நான்கு மாதம், ஒன்பது நாள், வாசகர் ஒருவர், தொடர்கிறார்.

அது அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதிய பக்கம்.

1. மோட்டாரை நிறுத்தவும்.
2. வால்வைப் பாதி மூடவும்.
3. இடது கையைக் குழாயின் மேல் வைக்கவும்.
4. இது பின்னர் சேர்க்கப்படும்.

நான்காவதைக் கேட்டு எஞ்சினியருக்கு அப்போதே கடிதம் போட்டிருந்தாள். பதில் வரவில்லை. எஞ்சினியர் ஓய்வு பெற்றார். அந்த மாடலையும் நிறுத்திவிட்டார்கள். அவளும் மறந்துபோனாள்.

மேலாளர் நவநீதன் வந்து திரையைப் பார்த்தார்.

“எடுத்துருங்க கோகிலா. அந்த மாடலே இப்ப இல்ல.”

“ஒருத்தர் படிச்சுக்கிட்டிருக்கார் சார்.”

“தெரியுது. ஆனா இந்த வாரம் பில்ட் நிக்கக்கூடாது. புது மாடல் பக்கத்துல எர்த் வயர் நிறத்தைத் தப்பாப் போட்டிருக்கோம், இந்த பில்ட்லதான் திருத்தணும். யாராவது அதைப் பார்த்துக் கனெக்‌ஷன் குடுத்தா ஷாக் அடிச்சிரும்.”

அவர் சொன்னதும் நியாயம்தான். கோகிலவாணி வசதிகள் பற்றிய குறிப்பின் கடைசிப் பத்தியைத் திறந்து காட்டினாள். ‘நீக்கப்படும் பக்கத்தில் வாசகர் எவரேனும் இருப்பின், பக்கத்தோடு அவரும் கிடைக்கவில்லை எனக் காட்டப்படுவார்.’

நவநீதன் அதை இரண்டு தடவை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வெள்ளிக்கிழமை அஞ்சு மணிவரைக்கும் டைம் இருக்கு,” என்றார்.

வியாழக்கிழமை முழுவதும் அவள் நான்காவதைத் தேடினாள். தொழிற்கூடத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஓய்வுபெற்ற எஞ்சினியர் போனில் வந்தார். அவருக்கு மூன்றுவரை நினைவிருந்தது. நான்காவது நாக்கு நுனியில் நிற்பதாகவும், வந்ததும் கூப்பிடுவதாகவும் சொல்லிவிட்டு வைத்தார்.

வாசிக்கும் நேரத்தைச் சொடுக்கினால் வாசகரின் ஊர் வரும். ஊத்துக்காட்டுவலசு, காங்கேயத்துக்குப் பக்கம். வெள்ளிக்கிழமை காலை மடிக்கணினியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு கோகிலவாணி பஸ் ஏறினாள். மூன்று பஸ் மாறி, கடைசியில் இறங்கிய இடத்தில் ஒரு டீக்கடை இருந்தது. பம்ப்செட் பக்கம் படிப்பவர் வீடு எது என்று கேட்டாள். டீ ஆற்றியவர் ஆற்றிக்கொண்டே வலதுபக்கம் கண்ணைக் காட்டினார்.

அந்த வீடு ஒரு மோட்டார் அறையைச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. முன்னறை, சமையலறை, இரண்டு படுக்கையறை, எல்லாவற்றுக்கும் நடுவில் மோட்டாரும் கிணற்றுக்குள் இறங்கும் குழாயும். குழாயின் மேல் இடது கையை வைத்து ஒருவர் நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும். நன்றாகச் சவரம் செய்திருந்தார். எதிரே ஆணியில் ஒரு பழைய செல்போன் சார்ஜர் வயரோடு தொங்கியது. அதில் அவளுடைய பக்கம் திறந்திருந்தது.

“வாங்க அம்மிணி. கம்பெனிங்களா?” என்றார் அவர், அவள் கழுத்தில் கிடந்த அட்டையைப் பார்த்து.

“ஆமாங்க. நான்தான் இந்தப் பக்கத்தை எழுதினேன்.”

“நல்லா எழுதியிருக்கீங்க. மூணுவரைக்கும் ஒரு கொழப்பமும் இல்லீங்க.”

அவர் பெயர் சென்னியப்பன். மனைவி பாவாயி சமையலறையிலிருந்து ஒரு சொம்பு மோரோடு வந்தார். கோகிலவாணி குடித்து முடிக்கும்வரை பாவாயி நின்றுகொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

“பின்னர்னு போட்டிருந்தீங்களே கண்ணு. அது சாயந்தரமா, அடுத்த வாரமான்னு எனக்கு அப்ப வெளங்கல. சாயந்தரம்னு நெனச்சு அன்னிக்கு உப்புமா செஞ்சு வெச்சேன்.”

கோகிலவாணி காலி சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அவங்களை ஏன் கேக்கற,” என்றார் சென்னியப்பன். “அவங்களுக்கு என்ன வேலையோ.”

பதினோரு வருடத்தில் நடந்ததைப் பாவாயி நின்றபடியே சொன்னார். தண்ணீர் ஏறாததால் தென்னையை விட்டுவிட்டு மழையை நம்பிக் கொள்ளு போட்டார்கள். சென்னியப்பன் நனையாமல் இருக்க முதலில் கூரை போட்டார்கள், பிறகு சுவர் வைத்தார்கள், பிறகு மற்ற அறைகள் சேர்ந்துகொண்டன. தேர்தலில் ஓட்டுப் போட அதிகாரிகள் வீட்டுக்கே வந்தார்கள். குழாயில் இருந்த விரலிலேயே மை வைத்தார்கள். மகள் கல்யாணம் இதே அறையில்தான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாவாயி அந்தக் கையின் நகங்களை வெட்டிவிடுவார். செல்போனை ஒரு நாளும் அணைத்ததில்லை. அணைத்தால் பக்கம் போய்விடுமோ என்ற பயம்.

“கை வலிக்குதுங்களா?” என்றாள் கோகிலவாணி.

“மொத ரெண்டு வருசம் வலிச்சுதுங்க. அப்புறம் கை தனியா ஒரு வேலைக்குப் போற மாதிரி. அது பாட்டுக்கு அது, நான் பாட்டுக்கு நான்.”

“கையை எடுத்துருங்க அய்யா. நான் சொல்றேன். தப்பு என்னோடது.”

சென்னியப்பன் தலையை ஆட்டினார். கோபம் இல்லை.

“நீங்க சொன்னா சரிங்க அம்மிணி. ஆனா பக்கத்துல வரட்டுங்க. நீங்க இன்னைக்கு வந்து சொல்றீங்க. நாளைக்கு வேற ஒருத்தர் வந்து கையை வெய்யின்னு சொல்லுவார். எழுத்துல இருந்தா ஒரே பேச்சு.”

கோகிலவாணி கட்டிலில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். மணி மூன்றே முக்கால். இப்போது எழுதினாலும் ஐந்து மணி பில்டில்தான் அது பக்கத்துக்குப் போகும். அவர் பக்கத்தில் நிற்கும்வரை பில்ட் ஓடாது. பில்ட் ஓடும்வரை அவர் நிற்பார். அவள் இதைப் பாவாயியிடம் சொன்னாள். பாவாயி சேலை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “கூட்டுறவு சங்கத்துலயும் இப்படித்தான் சொன்னாங்க,” என்றார்.

அவள் ஏழாம் பதிப்பின் குறிப்பை மறுபடி முதலிலிருந்து படித்தாள். முன்னோட்டம் என்று ஒரு வசதி. பில்டுக்கு முன்னாலேயே எழுதியவர் தன் கணினியில் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அது எல்லாப் பதிப்பிலும் உண்டு. ஏழில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: முன்னோட்டத்தில் வாசிப்பதும் வாசிப்பே.

அவள் நான்காவதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். ‘கையை எடுக்கவும்.’ முன்னோட்டத்தைத் திறந்து மடிக்கணினியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

சென்னியப்பன் செல்போனிலிருந்து பார்வையை எடுக்கச் சிறிது நேரமானது. பிறகு உதடு அசைய வாசித்தார்.

“எடுத்துட்டு?”

“அவ்வளவுதாங்க.”

“அவ்வளவுதான்னு இதுல இல்லீங்களே.”

கோகிலவாணி நவநீதனைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். ஐந்தாவதாக, விருப்பம்போல் செய்யவும் என்று எழுதப் போவதாகச் சொன்னாள்.

“கையேட்டுல விருப்பம்ங்கிற வார்த்தையே வரக்கூடாது கோகிலா. நம்ம விதிகள்லயே இருக்கு.”

“தெரியும் சார். அந்த விதியை எழுதினதே நான்தான்.”

மறுமுனையில் நவநீதன் மின்விசிறியை நிறுத்துவது கேட்டது.

“அவரு எப்படி இருக்கார்?” என்றார் நவநீதன்.

“நம்ம கையேட்டைப் பாராட்டினார் சார்.”

“எழுதுங்க,” என்றார் அவர். “எழுத்துப்பிழை மட்டும் பார்த்துக்கங்க.”

அவள் எழுதினாள். ‘5. பிறகு உங்கள் விருப்பம்போல் செய்யவும். இத்துடன் இந்தப் பக்கம் முடிகிறது.’ முடிகிறது என்ற சொல்லை ஒருமுறை அழித்து, மறுபடி அதையே எழுதினாள்.

சென்னியப்பன் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவற்றுக்குத் தலையசைத்தார். நான்காவதில் நின்றார். பாவாயி வந்து அவருடைய முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். முதலில் சுண்டுவிரல் எழுந்தது. பிறகு ஒவ்வொன்றாக. கட்டைவிரலுக்கு மட்டும் கொஞ்ச நேரமானது. கை குழாயை விட்டு வந்தபிறகும் குழாயின் அளவுக்கு வளைந்தே இருந்தது. பாவாயி அதை வாங்கித் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். அவருடைய தோள்கள் இரண்டு மூன்று முறை அசைந்தன. சென்னியப்பன் மனைவியின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்கு நரைச்சிருச்சா?” என்றார்.

“எப்பவோ.”

“இந்தப் பக்கத்துல இருந்து பார்க்கல.”

பிறகு குனிந்து ஐந்தாவதை வாசித்தார். வாசித்துவிட்டு மடிக்கணினியின் மூடியைத் தானே மெதுவாகச் சாத்தினார். ஆணியில் தொங்கிய செல்போனைப் பாவாயி கழற்றி, ஒரு பொத்தானை அழுத்தி அணைத்தார்.

ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்கு நவநீதனிடமிருந்து செய்தி வந்தது. பில்ட் ஓடிவிட்டது. எர்த் வயர் பச்சையாகிவிட்டது.

“இப்ப என்ன செய்யப் போறீங்க?” என்று கோகிலவாணி கேட்டாள்.

சென்னியப்பன் கையை உதறிக்கொண்டே யோசித்தார். யோசிப்பது அவருக்குப் பிடித்திருந்ததுபோல் தெரிந்தது.

“மக திருப்பூர்ல இருக்குதுங்க. வீடு கட்டி நாலு வருசமாச்சு. நான் பார்த்ததில்ல. பேத்தி போன்லதான் பேசும்.”

பாவாயி உள்ளே போய் உடனே ஒரு பையோடு வந்தார். அதில் இரண்டு வேட்டியும் ஒரு புதுச் சேலையும் இருந்தன. பை கட்டியே இருந்திருக்கிறது.

மூன்று பேரும் வாசலுக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மோட்டார் தன்னுடைய நான்கு போல்ட்டையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சிமெண்ட் மேடையிலிருந்து இறங்கி வந்தது. பாவாயி கதவை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார். அது வெளியே வந்ததும் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பஸ் நிறுத்தம்வரை மோட்டார் சென்னியப்பனுக்கு மூன்றடி பின்னால் வந்தது. இரண்டு இடத்தில் நின்று சாலையோரத்துச் செடிகளைப் பார்த்தது. அவர்கள் காத்திருந்தார்கள்.

ஐந்தே முக்கால் பஸ்ஸில் கூட்டம் இல்லை. கோகிலவாணிக்குச் சன்னலோரம் கிடைத்தது. கண்டக்டர் எல்லோரும் ஏறும்வரை விசில் ஊதாமல் நின்றார். மோட்டாருக்குக் கடைசிப் படி உயரமாக இருந்ததால் கை கொடுத்து ஏற்றிவிட்டார்.

“இதுக்கு முந்தி பஸ்ல வந்திருக்குதுங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க,” என்றார் பாவாயி. “கெணத்தைத் தவிர எதையும் பார்த்ததில்ல.”

“அப்ப சன்னலோரம் உக்கார வைங்க. தலையை வெளிய நீட்டாமப் பார்த்துக்கங்க.”

கோகிலவாணி எழுந்து இடம் விட்டாள்.