ஆமை வேகம்

மதியம் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு அர்ஃபா வீட்டுக்குள் வந்தபோது, உள்ளறையிலிருந்து மறுபடியும் புல்டோசர் சத்தம் கேட்டது. முதல் நாள் இந்தச் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சுவரை யாரோ இடிக்கிறார்கள் என்று தெருவுக்கு ஓடியிருக்கிறாள். இப்போது பழகிவிட்டது. மடியில் தலையணை, தலையணைமேல் லேப்டாப் என்று கட்டிலில் சாய்ந்துகொண்டு அவள் கணவன் ஆதில் எதையோ இடித்துக்கொண்டிருப்பான். இடித்த இடத்தில் சாலை போடுவான். சாலையின் இரண்டு பக்கமும் கட்டம் கட்டமாக நிலத்துக்கு நிறம் பூசிவிட்டுக் காத்திருப்பான். கொஞ்ச நேரத்தில் அந்தக் கட்டங்களில் வீடுகள் முளைக்கும். அவன் அதைப் பார்த்துத் தனக்குத்தானே தலையாட்டிக்கொள்வான். அந்தத் தலையாட்டலைப் பார்க்கும்போதெல்லாம் அர்ஃபாவுக்கு எரிச்சலாக வரும்.

நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஷார்ஜாவிலிருந்து வந்தவன் இன்னும் திரும்பிப் போகவில்லை. பெரிய கட்டடங்களின் ஏசி இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனியில் அவனுக்கு வேலை. கம்பெனி அந்தப் பிரிவையே மூடிவிட்டது. வேறு விசா வரும், காத்திருங்கள் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தான். ஏழாவது படிக்கும் மகள் நுஸைபாவுக்கென்று வாங்கி வந்த லேப்டாப்பில், காத்திருக்கிற நேரத்துக்கு அவன் இந்தப் பழைய விளையாட்டைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டான். ஸ்கூல் முடித்த புதிதில் அவனும் பசியாவரத்துக் கூட்டாளி ஸ்டீபனும் கம்ப்யூட்டர் படிக்கிறோம் என்று பொன்னேரிக்குப் பஸ் ஏறிப் போயிருக்கிறார்கள். அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டரில் இந்த ஊர் கட்டுகிற விளையாட்டு இருந்ததாம். ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து, சார் வந்து விரட்டும்வரை ஊர் கட்டுவார்களாம். படித்தது எதுவும் நினைவில் இல்லை, இது மட்டும் அப்படியே இருக்கிறது என்று வந்த வாரத்தில் சொன்னான். அதற்குப் பிறகு அவன் அவளிடம் நீளமாக எதையும் சொன்னதில்லை.

அதுதான் அவளுக்குப் புரியாத விஷயம். அவன் அங்கே இருந்த காலத்தில் தினமும் மக்ரிப் தொழுகைக்குப் பிறகு வீடியோ காலில் வருவான். கடைக்கு யார் வந்தார்கள், எந்த டிசைன் வளையல் போகவில்லை, எதிர் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணி எப்படி என்று எல்லாமே அவனிடம்தான் சொல்வாள். அவனும் கேட்பான், சிரிப்பான், திரும்பக் கேள்வி கேட்பான். இப்போது எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. மீன் குழம்பில் புளி கூடிப்போச்சா என்று கேட்டால் இல்லை என்பான். அதோடு முடிந்துவிடும். ஒரு நாள் அவள் கடையில் இருக்கும்போது, "டீ இருக்கா" என்று அவனிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. உள்ளறைக்கும் கடைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். அவளும் "இருக்கு" என்று பதில் அனுப்பிவிட்டுத்தான் எழுந்து போனாள்.

வீட்டின் முன்னறையை ஃபேன்சி ஸ்டோர் ஆக்கியது அவள். ஓடு மாற்றியது, மோட்டார் போட்டது, நுஸைபாவுக்கு ஸ்கூல் பார்த்தது எல்லாம் அவள். ஆதில் வந்த புதிதில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஸ்பேனரோடு மாடிக்கு ஏறினான். அந்தக் குழாய்க்கு வால்வு பின்பக்கம் இருக்குதென்று நுஸைபாதான் கீழேயிருந்து கத்தினாள். அவன் இறங்கி வந்து ஸ்பேனரை இருந்த இடத்திலேயே வைத்தான். அன்றைக்குத்தான் முதல்முறையாக லேப்டாப்பைத் திறந்தான் என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

இன்றைக்குச் சோறு போட்டுவிட்டுக் கூப்பிடப் போனவள், திரையின் மேல் ஓரத்தில் ஏதோ எண் ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள்.

"இது இன்னா, ஓடிக்கினே இருக்குது?"

"வருஷம்."

ஜனவரி, பிப்ரவரி என்று மாதங்கள் கண் சிமிட்டுவதற்குள் போய்க்கொண்டிருந்தன. அவள் சாப்பிடக் கூப்பிட வந்து நின்ற நேரத்தில் ஒரு வருஷம் முடிந்து இன்னொன்று தொடங்கிவிட்டது. ஊர் மட்டும் அந்த மூலையிலும் இந்த மூலையிலும் பெருத்துக்கொண்டே போனது.

"ஏன் இவ்ளோ வேகமா போவுது?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவளாக இதைப் பற்றிக் கேட்பது முதல்முறை. இதில் வேகத்தை மாற்றலாம், ஆமை வேகம் இருக்கிறது, சிறுத்தை வேகம் இருக்கிறது, தான் சிறுத்தையில் வைத்திருப்பதாகச் சொன்னான். ஊர் சீக்கிரம் வளர வேண்டுமென்றால் சிறுத்தைதான்.

"ஆமையில வைங்க" என்றாள். வைத்தான். மாதம் நின்றுவிட்டது போலிருந்தது. ஒரு சிறிய கார் சாலையில் போவது அப்போதுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பச்சைக் கட்டம் வீடு, நீலம் கடை, மஞ்சள் ஃபேக்டரி என்று அவன் விரல் வைத்துக் காட்டினான். வீடுகளையெல்லாம் ஏன் புகைபோக்கிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறீர்கள், ஜனங்களுக்குக் கண் எரியாதா என்று கேட்டாள். அங்கேதானே வேலைக்குப் போவார்கள் என்றான். தண்ணீரோரம் முழுக்கச் சும்மா கிடக்கிறதே என்றாள். தண்ணீரோரம் கட்டினால் வெள்ளம் வரும் என்றான். "நாம மட்டும் எங்க இருக்குறோம், தண்ணியோரந்தானே?" என்றாள். சோறு ஆறிப்போனது.

மறுநாள் அவளுக்கென்று ஒரு புது ஊர் ஆரம்பித்துக் கொடுத்தான். அவள் புகை வேண்டாம் என்று ஃபேக்டரியே வைக்கவில்லை. கரண்ட் நிலையமும் வைக்கவில்லை. ஏரிக்கரை முழுக்கப் பச்சைக் கட்டமாக நிரப்பிவிட்டு, நடுவில் பூங்கா ஒன்று வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஒரு வீடும் முளைக்கவில்லை. கட்டத்துக்குக் கட்டம் மின்னல் குறி மட்டும் பளிச் பளிச்சென்று அடித்தது. கரண்ட் இல்லாத ஊருக்கு யார் வருவார் என்று ஆதில் சிரித்தான். அவன் சத்தமாகச் சிரிப்பதை இந்த வீட்டுக்குள் கேட்டு வெகுநாளாகியிருந்தது. அவளுக்கு ரோஷம் வந்தது. அவனுடைய ஊரைத் திறந்து காட்டச் சொன்னாள். அங்கே ஃபேக்டரி ஓரத்து வீடுகள் பாதிக்குமேல் கறுத்துப்போய்க் காலியாகக் கிடந்தன. "உங்க ஊர்ல கரண்ட் இருக்குது, ஆள் இல்ல" என்றாள்.

மூன்றாவதாக ஓர் ஊரைச் சேர்ந்து கட்டினார்கள். மதியச் சாப்பாட்டுக்கும் அஸர் தொழுகைக்கும் நடுவில் கிடைக்கிற நேரம் அதற்கென்றே ஆகிவிட்டது. ஸ்கூலிலிருந்து வந்த நுஸைபா, பையைக் கூடக் கழற்றாமல் அறை வாசலில் நின்றாள். உள்ளே அவளுடைய வாப்பாவும் உம்மாவும் போலீஸ் ஸ்டேஷனை எங்கே வைப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அது தன்னுடைய லேப்டாப் என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். யாரும் கண்டுகொள்ளவில்லை. ஊருக்காவது தன் பெயரை வைக்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். வைத்தார்கள்.

விளையாட்டு ஊரில் தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. ஒரு நாள் அர்ஃபா இந்தப் பக்கமும் ஒன்று வேண்டும் என்றாள். இந்த ஜனத்தொகைக்கு ஒன்று போதும், பாலம் இருக்கிறது என்று ஆதில் சொன்னான்.

"பாலம் இருந்தா போதுமா? மழையில ரோடு முழுகிப்போச்சுன்னா?"

அவள் குரல் மாறியிருந்தது. அவன் மௌஸிலிருந்து கையை எடுத்தான். அப்போதுதான் அவள் சொன்னாள். நுஸைபா நடக்கப் பழகிக்கொண்டிருந்த வருஷம். பெருமழை. பொன்னேரி போகிற வழியில் திருப்பாலைவனத்துக்கு இந்தப் பக்கம் ரோடு தெரியவில்லை. காய்ச்சல் ஏறிக் குழந்தைக்கு வலிப்பு வந்து கண் மேலே செருகிக்கொண்டது. தெருக்கோடியில் நின்ற மீன் வண்டியில் ஏற்றிக்கொண்டு பொன்னேரிக்குக் கிளம்பினாள். சக்கரம் முழுகுகிற தண்ணீர். ஐஸும் மீன் ரத்தமும் கலந்த தண்ணீர் காலடியில் ஓட, குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே போனாள். அன்றைக்குச் சாயந்திரம் ஃபோனில் அவனிடம், லேசாகக் காய்ச்சல், இப்போது பரவாயில்லை என்று சொன்னாள்.

ஆதில் லேப்டாப்பை ஓரமாக நகர்த்தினான். பிறகு தன் சட்டைக் காலரை விலக்கித் தோளெலும்பில் ஒரு புடைப்பைக் காட்டினான். அது என்னவென்று அவள் கேட்டிருக்கிறாள். சுமை தூக்கித் தூக்கி வந்தது என்று சொல்லியிருந்தான். இப்போது உண்மையைச் சொன்னான். இயந்திர அறையில் ஏணியோடு விழுந்துவிட்டான். கட்டுப் போட்டுக் கிடந்த அந்த நாட்களில், முகம் மட்டும் தெரிகிற மாதிரி அறைக் கூட்டாளி ஃபோனைப் பிடித்துக்கொள்வானாம். அவளுக்கு அந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. ஏன் இருட்டு ரூமில் உட்கார்ந்திருக்கிறீர்கள், லைட்டைப் போட்டால் என்ன என்று அவனைத் திட்டியிருக்கிறாள்.

"ஃபோன்ல நல்லாத்தான் குடும்பம் நடத்தியிருக்கோம்" என்றாள் அர்ஃபா. சிரிக்கத்தான் நினைத்தாள். கண் நிறைந்துவிட்டது. அவன் அந்தப் புடைப்பின்மேல் இருந்த அவள் விரலை எடுக்கவிடாமல் பிடித்துக்கொண்டான். ஊர் அதன் பாட்டுக்கு ஆமை வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. கடை திறக்க அன்றைக்குத் தாமதமானது.

அந்த வாரமே விசா வந்துவிட்டது. ஷார்ஜாவில் இல்லை, தோஹாவில். ஏஜெண்ட் அனுப்பிய செய்தியை ஆதில் சாப்பிடும்போது வாசித்துக் காட்டினான். நல்லது என்றாள் அர்ஃபா. அலமாரிமேல் இருந்த பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். ஒவ்வொரு தடவையும் செய்கிற வேலை, கை தானாகச் செய்தது. ஊறுகாய்க்கு எலுமிச்சை வாங்க வேண்டும், இறால் காய வைக்க வேண்டும் என்று மனம் ஒருபக்கம் கணக்குப் போட்டது. இன்னொரு பக்கம் ஒரே கேள்வி நின்றது. அதை அவனிடம் எந்த வருஷமும் அவள் கேட்டதில்லை. கேட்டால் போகாதே என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம்.

மதியம் அவன் லேப்டாப்பைத் திறக்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் வாசல்படியில் நின்று கேட்டுவிட்டாள்.

"உங்களுக்குப் போகணும்னு இருக்குதா?"

"தெரியல." பெட்டியிலிருந்து கண்ணை எடுத்தான். "இங்க எனக்கு இன்னா வேலை இருக்குது, அர்ஃபா?"

சம்பாத்தியத்தைச் சொல்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். அவன் பார்வை சுவரோரம் இருந்த ஸ்பேனர்மேல் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கடையும் மோட்டாரும் மகளும் அவன் இல்லாமலே நடக்கிற வீட்டில், விருந்தாளி மாதிரி ஒரு கட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு இத்தனை நாள் அவன் ஒதுங்கி இருந்திருக்கிறான். தான் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தது அவளைச் சுட்டது.

"நீங்க இல்லாம வீட்ட ஓட்டத்தான் நான் கத்துக்கிட்டேன்" என்றாள். "நீங்க இருக்கும்போது எப்படி ஓட்டறதுன்னு எனக்கும் தெரியல. அதுல நாம ரெண்டு பேருமே புதுசுதான்."

போங்கள் என்றும் சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை. சாயந்திரம் அவன் ஏஜெண்டைக் கூப்பிட்டு மாதக் கடைசிவரை நேரம் கேட்டான். ஏஜெண்ட் கத்தியது அடுப்படிவரை கேட்டது. ஆதில் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாதக் கடைசியில் சொல்கிறேன் என்று மறுபடியும் அதையே சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டீபன் நண்டு கொண்டு வந்தான். இப்போது அவனுக்குச் சொந்தமாகப் படகு இருக்கிறது, இஞ்சின் வைத்தது. லேப்டாப்பில் இருந்த ஊரைப் பார்த்ததும் அவன் முகம் பதினெட்டு வயதுக்குப் போய்விட்டது. ஆதிலை நகரச் சொல்லிப் பாதிக் கட்டிலில் உட்கார்ந்து, கடலோரம் ஒரு துறைமுகம் வைத்தான். துறைமுகம் வந்தால் மீன் போய்விடும் என்று அர்ஃபா அதை உடனே இடிக்கச் சொன்னாள். டீ குடித்துக்கொண்டே ஸ்டீபன் தன் கஷ்டத்தைச் சொன்னான். கரையில் இருக்கிற ஐஸ் கம்பெனியில் இயந்திரம் நின்றுபோய்விட்டது. மெட்ராஸிலிருந்து மெக்கானிக் வந்தால்தான் உண்டு. அவரும் இன்றைக்கு நாளைக்கு என்கிறார். வெளியூரிலிருந்து வருகிற ஐஸ் வந்து சேர்வதற்குள் பாதி கரைந்துவிடுகிறது. நேற்றுப் பிடித்த இறாலைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

"இன்னா சத்தத்தோட நின்னுச்சு?" என்று கேட்டான் ஆதில்.

ஸ்டீபன் வாயாலேயே அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினான். ஆதில் கண்ணை மூடிக் கேட்டான். இன்னொரு தடவை செய்யச் சொன்னான். பிறகு எழுந்து சட்டையை மாற்றினான். பார்த்துவிட்டு வருகிறேன், நம்மால் ஆகாமலும் போகலாம் என்று சொல்லிவிட்டு ஸ்டீபனின் பைக்கில் ஏறிப் போனான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தான். கையெல்லாம் கிரீஸ். சோப்புப் போட்டும் போகவில்லை. ஒரு பாகம் தேய்ந்துபோயிருக்கிறது, இருக்கிறதை வைத்து ஒட்டியிருக்கிறேன், நிற்குமா என்று தெரியாது, இயந்திரம் ஓடுகிறது, ஐஸ் பிடிக்கிறதா என்று நாளைக்குத்தான் தெரியும் என்று, கேட்காமலே எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். சாப்பிடும்போதும் சொன்னான். கை கழுவிக்கொண்டும் சொன்னான். ஷார்ஜாவில் இருந்த இயந்திரங்களைப் பற்றியும், அவற்றின் சத்தத்தில் பக்கத்தில் இருக்கிறவன் பேசுவதுகூடக் கேட்காது என்பதைப் பற்றியும். அவள் தட்டை எடுக்காமல் உட்கார்ந்தே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையிலேயே போய்விட்டான். மதியம் வரவில்லை. அர்ஃபா வாட்ஸ்அப்பைத் திறந்தாள்; எதுவும் எழுதாமல் மூடினாள். சோற்றையும் நண்டுக் குழம்பையும் கேரியரில் கட்டிக்கொண்டு, கடையை அடைத்துவிட்டு, புர்காவைப் போட்டுக்கொண்டு கரைக்கு நடந்தாள். ஐஸ் கம்பெனிக்குள் அவள் போனதே இல்லை. தகரக் கூரைக்குக் கீழே ஈரமும் அம்மோனியா நெடியும் மூக்கில் ஏறின. பெண்கள் கூடைகளோடு வாசலில் நின்றிருந்தார்கள். உள்ளே இரண்டு ஆட்கள் சங்கிலியை இழுத்து, உப்புத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு நீளமான தகர அச்சை மேலே தூக்கினார்கள். ஆதில் ஒதுங்கி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வந்ததைப் பார்க்கவில்லை.

அச்சைச் சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிச் சாய்த்தார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளே ஏதோ விடுபட்ட சத்தம். ஆளுயரத்துக்கு ஒரு ஐஸ் பாளம் புகைந்துகொண்டே வழுக்கி வந்து, சிமெண்ட் தரையில் கொஞ்ச தூரம் தானாகவே ஓடி நின்றது. நடுவில் மட்டும் கொஞ்சம் வெளுப்பு, மற்றபடி கண்ணாடி. வாசலில் நின்ற பெண்களில் யாரோ அல்லா என்றாள், இன்னொருத்தி ஏசுவே என்றாள்.

முதலாளி ஆதிலின் தோளில் கை போட்டு, தொடர்ந்து வர முடியுமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றான். அப்போதுதான் அர்ஃபாவைப் பார்த்தான். கேரியரைப் பார்த்தான். பாளத்தை உடைத்துக்கொண்டிருந்த ஆளிடம் குனிந்து ஒரு சில்லை எடுத்துக்கொண்டு வந்து, அவள் கையில் வைத்தான்.

உள்ளங்கை பொறுக்கவில்லை. கேரியரை அவனிடம் கொடுத்துவிட்டு, இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கும் அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்குமாக அதை மாற்றிக்கொண்டே, அந்த வெயிலில் நிழலாக உட்கார்ந்து சாப்பிட இடம் தேடிக் கரையோரமாக அவனோடு நடந்தாள். கரைந்த தண்ணீர் முழங்கைவரை வழிந்து புர்காவின் கையை நனைத்தது. அவள் அந்தச் சில்லைக் கீழே போடவில்லை.