ஓரகத்தியின் மாடு

புத்தலப்பட்டில் ரத்தினம்மாவுக்கும் அவள் ஓரகத்தி ஸ்வர்ணலதாவுக்கும் மாட்டுக்கொட்டகை ஒன்றுதான். நடுவில் ஒரு தட்டி. காலையில் அந்தப்பக்கம் பால் பீச்சும் சத்தம் நிற்காமல் கேட்கும்போது ரத்தினம்மாவுக்கு வயிறு எரியும். அவளுடைய மாடு அதற்குள் மடி வற்றி அசைபோட்டுக்கொண்டிருக்கும். பால் சென்டரிலும் எல்லோரும் ஸ்வர்ணலதாவின் கேனைத்தான் பார்த்தார்கள். "இன்னா தீனி போடற?" என்று அவளிடம்தான் கேட்டார்கள்.

ஸ்வர்ணலதாவின் மாட்டுக்கும் ஒரு குறை இருந்தது. கன்று போட்டு மாதங்கள் ஆகியும் மறுபடி சினைப் பருவத்துக்கு வரவில்லை. மாட்டு டாக்டர் கிரண்குமார் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். "தின்றதெல்லாம் பாலுக்கே போயிடுதும்மா. சினைப்பை தூங்குது. தாது உப்பு போடுங்க. பருவத்துக்கு வந்தா உடனே கூப்பிடுங்க, விட்டுடாதீங்க."

தட்டியோரம் நின்று கேட்ட ரத்தினம்மாவுக்கு அன்றைக்குச் சோறு ருசித்தது.

ஸ்வர்ணலதா ஒரு கல்யாணத்துக்காகத் திருப்பதி போன அன்று, அந்த மாடு தீனியைத் தொடாமல் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. பின்னால் கண்ணாடிபோல வழும்பு தொங்கியது. பருவத்துக்கு வந்துவிட்டது. ஒரு போன் போட்டிருந்தால் போதும். ரத்தினம்மா போடவில்லை. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி வழும்பைக் கழுவியும் விட்டாள்.

அடுத்த வாரம் டாக்டர் மறுபடி பார்த்தார். "கருமுட்டை வந்து போயிருக்கு. யாரும் கவனிக்கலையா?"

ஸ்வர்ணலதா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "பால் இருந்து இன்னா சார்? சினை நிக்கலேன்னா வித்துடுவேன்னு சொல்லிக்கினு கீறாரு எங்க வூட்டுக்காரரு. எங்க அக்கா மாட்டப் பாருங்க, வருசம் தப்பாம கன்னு போடுது. அதப் பாத்துப் பாத்து எனக்கு வயித்தெரிச்சல்."

தன்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்படுகிறாள் என்பது தட்டிக்கு இந்தப்பக்கம் நின்ற ரத்தினம்மாவுக்கு முதலில் இனிக்கத்தான் செய்தது. 'எங்க அக்கா' என்று அவள் சொன்னது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

அதன்பிறகு தன் மாட்டைவிட அந்த மாட்டைத்தான் அவள் அடிக்கடி எட்டிப் பார்த்தாள். ஒரு விடியலில் மறுபடி வழும்பு தெரிந்தது. போய் ஸ்வர்ணலதாவின் கதவைத் தட்டினாள்.

"சொர்ணா, ஏந்து வா. ஒம் மாடு பருவத்துக்கு வந்துகீது. டாக்டருக்கு போன் போடு."

சினை ஊசி போட்டார்கள். சினை நின்றது.

"நீ பாத்துச் சொல்லலேன்னா இந்தத் தரமும் போயிருக்கும்க்கா" என்று ஸ்வர்ணலதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ரத்தினம்மாவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"சாணி வாரணும், வுடு" என்று கையை உருவிக்கொண்டாள்.