ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெள்ளை

நோய் எங்கே வருகிறது, ஏன் அங்கே வருகிறது, மருத்துவமனை எட்டாத இடத்தில் மனிதர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று படிக்கிற பாடம் அது. நலவாழ்வுப் புவியியல் என்று பெயர். அதைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கவைக்கப் பேராசிரியை நாக்குத் தள்ள அலைந்துகொண்டிருந்தாள். மருத்துவத் துறை, "இது பூகோளம், அங்க போங்க" என்றது. பூகோளத் துறை, "நோய்நொடி எல்லாம் டாக்டருங்க வேலை" என்றது. இரண்டும் சேர்ந்து பந்தாடியதில் அவளுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது.

இந்த முறையும் தேறாவிட்டால் கோப்பை மூடிவிடுவதாகத் துறைத்தலைவர் முன்பே சொல்லியிருந்தார். குழு கூடியது. சுவரில் வரைபடம். மருத்துவமனை கொடுத்த முகவரிகளை வைத்து, சிறுநீரக நோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. மாணவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வைத்த புள்ளிகள்.

குழுவிலிருந்த சிறுநீரக டாக்டர் எழுந்தே விட்டார்.

"பிரமாதம்மா! இந்த நாலு தெருவுல மட்டும் ஏன் இவ்வளவு நெருக்கமா இருக்கு? தண்ணியா? இது ஒண்ணு போதும், உங்க பாடத்துக்கு நானே கையெழுத்துப் போடறேன்."

அப்போதுதான் அவள் பார்த்தாள். நாலில் ஒன்று அவளுடைய தெரு. அதில் ஒரு புள்ளி அவள் வீட்டின்மேலேயே இருந்தது. வீட்டில் யாருக்கும் நோய் இல்லை. அது அக்காவின் புள்ளி. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களை மட்டுமே அந்த மருத்துவமனை சேர்த்துக்கொள்ளும். அந்தப் பக்கம் குடியிருக்கும் அக்காவிடம், "என் அட்ரஸையே குடுத்துடுக்கா" என்று சொன்னவளே இவள்தான். இவ்வளவு படித்தவளுக்கு, ஊரில் அக்கா தனக்கு மட்டும்தானா இருக்கிறாள், மற்றவர்களும் இப்படி முகவரி இரவல் கொடுத்திருப்பார்களே என்று தோன்றவேயில்லை! ஆற்றுக்கு அந்தப் பக்கம் படத்தில் வெள்ளையாகக் கிடந்தது, அங்கே யாருக்கும் தும்மல்கூட வராததுபோல.

தலையாட்டினால் பாடம் வந்துவிடும். காரணத்தைச் சொன்னால் மருத்துவமனையில் அக்காவின் கட்டில் போய்விடும். அவளுக்கு அலுப்பு, தலையாட்டிவிடத்தான் ஆசையாக இருந்தது.

"படம் தப்பு சார்."

"எப்படி?"

"முகவரியை நம்பிட்டேன். வீடு வீடா போய்க் கேட்டுத்தான் வரையணும்."

"வீடு வீடா கதை கேக்கறதெல்லாம் பூகோளமா?" என்று துறைத்தலைவர் கோப்பை மூடினார்.

சாயங்காலம் மருத்துவமனைக்குப் போனாள். இரத்தம் சுத்திகரிக்கிற இயந்திரத்தோடு அக்கா கண்மூடிப் படுத்திருந்தாள்.

"பாடம் வந்துச்சாடி?"

"இல்லக்கா."

"போனாப் போகுது. முகத்தைப் பாரு, உனக்கும் ஒரு கட்டில் போடணும்போல."

பேராசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, இங்க படுத்திருக்கவங்க எல்லாம் எந்தப் பக்கம்? சரியா வரைஞ்சு காட்டினா, அந்தப் பக்கமே ஒரு ஆஸ்பத்திரி கேக்கலாம்."

வரிசையில் படுத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கண்ணைத் திறந்தாள்.

"அவங்க கட்டி முடிக்கறவரைக்கும் நாங்க எங்கடி படுக்கறது?"

அந்த அறையில் வெளியாள் தான் ஒருத்திதான் என்று பேராசிரியைக்குப் புரிந்தது.

அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"எல்லாரும் உன் தெருதான்டி. அப்படியே வரைஞ்சுக்கோ."