நூல் தைத்த பக்கங்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஒலொமோட்ஸ் என்ற செக் நகரில் ஹ்ரூபெஷ் குடும்பத்தின் முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: ரயில்வே எழுத்தர் ஒடகார் ஹ்ரூபெஷ், அவருடைய தங்கை லுட்மிலா, பல் மருத்துவர் சிகா, போஸ்ட்மாஸ்டரின் விதவை ஹெர்மீனா. தாங்களும் இருந்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டவர்கள் யாரும் அங்கே இல்லை.

லுட்மிலாவுக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. ஓடு பதித்த அடுப்பின் கதகதப்பும், கசகசா ரொட்டியின் வாசனையும், கண்மூடி அமர்ந்தவர்களின் மெல்லிய மூச்சும் இன்னும் அவளை விட்டுப் போகவில்லை. அதன் பிறகு எந்த அறையும் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

ஹெர்மெஸ் என்ற பழங்கால ஞானியின் பெயரால் வழங்கும் தியானத்தை அந்தச் சிறு குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவளுடைய அப்பா. தன் கைப்பட எழுதிய நோட்டில் முதல் படியை மட்டும் திறந்து வைத்து, மற்றப் படிகளின் பக்கங்களை ஒவ்வொரு படியாகக் கறுப்பு நூலால் தைத்துவிட்டிருந்தார். நிமிர்ந்து உட்கார்ந்து, பாதம் முதல் உச்சந்தலை வரை உடம்பைத் தளர்த்தி, மனத்தைக் காலியாக வைக்க வேண்டும். ஒரு நினைப்பு குறுக்கே வந்தால் கையிலுள்ள சரத்தில் ஒரு மரமணியைத் தள்ள வேண்டும். பத்து நிமிடம் ஒரு மணிகூடத் தள்ளாதவரே அடுத்த படியின் நூலை வெட்டலாம். முதலில் வெட்டுகிறவர் என் நாற்காலியில் அமர்ந்து மற்றவர்களை வழிநடத்தட்டும் என்று சொல்லிவிட்டு அப்பா இறந்துபோனார்.

சிகா முந்தைய ஞாயிறே தேறிவிட்டார். ஆனால் கத்தரிக்கோலைத் தொடவில்லை.

"இது உங்க அப்பா வீடு, ஹ்ரூபெஷ். இன்னும் ஒரு வாரம் எடுத்துக்குங்க. முடிஞ்சா நீங்களே வெட்டுங்க" என்றிருந்தார்.

ஹெர்மீனா பெருமூச்சு விட்டாள். "போன வாரம் எனக்கு முப்பத்தேழு மணி. அதுல பாதி உன் ரொட்டிதான், லுட்மிலா."

"மீதி?"

"எங்க வீட்டு அடுப்புல விட்டுட்டு வந்த ரொட்டி."

ஒடகார் சிரிக்கவில்லை. முழங்கால்களைச் சேர்த்து, மணிச்சரத்தோடு உள்ளங்கைகளைத் தொடைமேல் கவிழ்த்து வைத்து அமர்ந்தார். வழக்கப்படி மற்ற இருவரும் கண்களை மூடிக்கொண்டார்கள். நேரம் பார்ப்பவள் லுட்மிலா. அவள் கண்கள் மட்டும் திறந்திருந்தன.

எட்டு நிமிடம் அண்ணனின் கை அசையவே இல்லை. அப்பாவின் நாற்காலி தங்கள் குடும்பத்திலேயே இருக்கும் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. ஒன்பதாவது நிமிடத்தில் உள்ளங்கைக்கு அடியில் அவருடைய கட்டைவிரல் நகர்ந்தது.

வேறு யாரும் பார்க்கவில்லை. தானும் பார்க்கவில்லை என்று அவள் முடிவு செய்துகொண்டாள்.

"நேரம் ஆச்சு" என்றாள். "ஒண்ணும் நகரலியே, அண்ணா?"

ஒடகார் கையை விரித்துக் காட்டினார். "ஒண்ணு."

"விரல் வழுக்கியிருக்கும்" என்றார் சிகா.

"வழுக்கல, டாக்டர். நாற்காலி கைவிட்டுப் போனா உங்க மொகம் எப்படி இருக்கும்னு நினைச்சேன். நினைச்சதும் தள்ளிட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு."

சிகா விழுந்து விழுந்து சிரித்தார். ஒடகாரே லுட்மிலாவின் தையல் கூடையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து அவரிடம் கொடுத்தார். அப்பாவின் நாற்காலியையும் நகர்த்திப் போட்டார்.

கோப்பைகளைக் கழுவும்போதுதான் லுட்மிலா வாய் திறந்தாள். "சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"நீ பார்த்துட்டுதானே இருந்தே" என்றார் ஒடகார், கோப்பையைத் துடைத்தபடி.

அன்று பொய் சொல்லத் துணிந்த தன்னை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. அடுத்த கோடையில் ஒடகாரும் தேறினார். சிகாவுக்குப் பின் நோட்டு அவரிடம் வந்தது, அவருக்குப் பின் அவளிடம். கடைசி இரண்டு படிகளின் நூல் இன்னும் அப்படியே இருக்கிறது.

ஒடகார் தியானத்தின்போது தூங்கிக் குறட்டை விட்டதால்தான் அன்று அப்பாவின் இடத்தை இழந்தார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவர் தூங்கவில்லை. ஒன்பதாவது நிமிடத்தில், நல்ல விழிப்போடு, வலது கட்டைவிரலால் ஒரு மணியைத் தள்ளினார்.