அத்தான் கத்தி வாங்கியது: நான்காம் வரைவு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. என் அக்காவின் கணவர், அதாவது அத்தான், இடதுகைக் கட்டைவிரலில் மூன்று தையலோடு வந்து என் எதிரே உட்கார்ந்தபோது கிடைத்தது. கதை கிடைத்த சந்தோஷத்தில் "வலிக்குதா?" என்று கேட்க மறந்துவிட்டேன். அக்கா அதை இன்னமும் சொல்லிக்காட்டுகிறாள்.

எப்படித் தொடங்குவது என்று முட்டி மோதினேன்.

கத்தியின் நுனி வெயிலில் மின்னிய அந்தக் கணத்தில்—

(வேண்டாம். கத்தி என்றதுமே நீங்கள் கொலையை எதிர்பார்ப்பீர்கள். இந்தக் கதையில் ஒரு வெங்காயம்கூடச் சாகவில்லை.)

பனி மூடிய மலையடிவாரத்தில் அந்த ஐந்து பெண்களும்—

(இதுவும் வேண்டாம். மலைக்கு நானும் போனதில்லை, அத்தானும் போனதில்லை. புளுகு சீக்கிரம் வெளுத்துவிடும்.)

அத்தான் ஒரு சந்தேகப் பிராணி.

இது நிற்கும். இங்கிருந்து போவோம்.

2

அத்தான் ஒரு சந்தேகப் பிராணி. அவருக்குச் சம்பளமே அதற்குத்தான். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் ஆய்வாளர். பித்தளை எடைக்கற்கள் உள்ள பெட்டியோடு அவர் தெருவுக்குள் நுழைந்தால், ஒவ்வொரு கடைக்காரர் முகமும் ஐம்பது கிராம் இளைக்கும். வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கப் பதினான்கு மாதம் ஆராய்ந்தவர். அந்தப் பதினான்கு மாதமும் பால் திரிந்தது.

அக்கா, எலும்பு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். கூட வேலை செய்யும் நான்கு பேரோடு மூன்று நாள் மலைநடை போகத் திட்டம் போட்டாள். இதற்கு முன் இரண்டு முறை போட்டு, இரண்டு முறையும் கைவிட்டிருந்தாள். முதல் தடவை அத்தானுக்கு இடுப்புப் பிடிப்பு. அடுத்த தடவை காய்ச்சல்.

"ஆளுக்கொரு சாமான்னு பிரிச்சுக்கிட்டோம். என் பங்குக்குக் கத்தி. நீங்களே பாத்து ஒண்ணு வாங்கிடுங்க. ரொம்ப விலையில வேணாம்," என்றாள்.

அத்தானிடம் போய் 'நீங்களே பாத்து' என்று சொல்லலாமா? இருபத்து மூன்று வருடம் குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாதா? நானும் கேட்டேன்.

"கிளம்ப ஒரு மாசம் இருந்துதேடா," என்றாள்.

3

அத்தான் ஒரு நோட்டில் கட்டம் போட்டார். மடக்குக்கத்தி இடத்தை அடைக்காது, ஆனால் மடங்கும் இடத்தில் மண் ஏறும். மடங்காதது உறுதி, ஆனால் உறை வேண்டும். சாதா எஃகைச் சுலபமாகத் தீட்டலாம், ஆனால் மழையில் துருப்பிடிக்கும். பச்சை நிறப் பிடி புல்லில் விழுந்தால் போனது போனதுதான். வெட்டும் பகுதி உள்ளங்கை அகலம் இருந்தால் போதும்; அதற்கு மேல் நீளமெல்லாம் வீரம் காட்டத்தான்.

(இந்தப் பத்தி முதல் வரைவில் நான்கு பக்கம் இருந்தது. அத்தான் சொல்லச் சொல்ல எழுதினேன். நீங்கள் தப்பித்தீர்கள்.)

"கத்தியை வெச்சு என்னென்ன வெட்டுவீங்க?" என்று அக்காவிடம் விசாரித்தார்.

"கயிறு, தக்காளி, பிஸ்கட் பாக்கெட்."

"கரடி வந்தா?"

"தக்காளியக் குடுத்துட்டு ஓடிருவோம்."

'கரடி: தேவையில்லை' என்று குறித்துக்கொண்டார்.

மாதம் ஓடிவிட்டது. கிளம்ப இரண்டே நாள் இருந்தது. நோட்டு நிறைந்திருந்தது, கத்தி வரவில்லை.

4

இரும்புச் சாமான் கடைக்குள் அத்தான் நுழைந்ததும் கடைக்கார அம்மா எழுந்து நின்றார். போன மாதம்தான் அவருடைய தராசு பிழை என்று முத்திரை குத்த மறுத்திருந்தார் அத்தான்.

"சார், தராசு சரி பண்ணியாச்சு!"

"தராசு பாக்க வரல. ஒரு கத்தி வேணும்."

"எதுக்கு சார்?"

"என் சம்சாரத்துக்காக."

அம்மா ஓரடி பின்னால் போனார்.

"அவ காட்டுக்குப் போறா. அங்க..."

"சார், தயவுசெஞ்சு முழுசாச் சொல்லிடுங்க."

முழுசாகச் சொன்னார். அம்மாவுக்கு மூச்சு வந்தது. ஆரஞ்சுப் பிடி போட்ட ஒரு மடங்காத கத்தியை எடுத்து வைத்தார். பிளாஸ்டிக் உறை, துருப்பிடிக்காத எஃகு, உள்ளங்கை அகலம். "தோட்ட வேலைக்காரங்க எல்லாம் இதத்தான் வாங்கறாங்க. மலிவு, உழைக்கும்."

நோட்டிலிருந்த எல்லாவற்றுக்கும் பொருந்தியது. அத்தான் அதைக் கடைத் தராசிலேயே வைத்துப் பார்த்தார். எடையும் சரி, தராசும் சரி. பணம் கொடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். கிளம்பியிருக்கலாம். ஆனால் பக்கத்திலிருந்த மடக்குக்கத்தியைக் கையிலெடுத்தார்.

"அது வேணாம் சார், பூட்டு நிக்காது, தானா மடங்கிக்கும். திருப்பி அனுப்ப வெச்சிருக்கேன்."

"நிக்குதான்னு பாக்கறேன்," என்றார் அத்தான்.

நிற்கவில்லை.

5

கடைக்கார அம்மாவே துண்டால் விரலைச் சுற்றி, ஸ்கூட்டரில் ஏற்றி, பக்கத்திலிருந்த எலும்பு மருத்துவமனையில் இறக்கினார். தையல் போட்ட மருத்துவர், எதற்கும் எலும்பைப் பார்த்துவிடலாம் என்று எக்ஸ்ரே அறைக்கு அனுப்பினார்.

"கைய இங்க வைங்க. அசையாதீங்க," என்றாள் அக்கா. எல்லா நோயாளிகளுக்கும் சொல்லும் அதே குரல். தடுப்புக்குப் பின்னால் போய் வந்தாள். படத்தைப் பார்த்தாள்.

"எலும்புல ஒண்ணுமில்ல." பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்: "வேணும்னே பண்ணீங்களா?"

இங்கேதான் மூன்று வரைவும் குப்புற விழுந்தன. முதலாவதில் அத்தான், "உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்துகிறார். (அவருக்குக் கத்த வராது.) இரண்டாவதில் அழுகிறார். (அக்கா சிரித்திருப்பாள்.) மூன்றாவதில் கரண்ட் போய்விடுகிறது. (அது என் சோம்பேறித்தனம்.)

நடந்தது இதுதான். அத்தான் நல்ல கையைப் பைக்குள் விட்டு ஆரஞ்சுக் கத்தியை எடுத்தார்.

"எழுவத்தாறு கிராம். உறையோட நூத்திப் பத்து," என்றார்.

அக்கா அவரையே பார்த்தாள். "நான் சனிக்கிழமை கிளம்பறேன்."

"ம்."

"சமைச்சு வெச்சுட்டுப் போமாட்டேன்."

"இன்னொரு கை இருக்கு," என்றார் அத்தான்.

6

கிளம்பினாள். மூன்று நாள் கழித்து, உரிந்த மூக்கும் கறுத்த கால்நகமுமாக, நான் இதுவரை பார்த்திராத ஒரு நடையோடு திரும்பி வந்தாள். பங்கு பிரித்ததையும் மீறி ஐந்து பேர் பையிலும் கத்தி இருந்ததாம். தீப்பெட்டிதான் யாரிடமும் இல்லை.

"கயித்த உங்க கத்திதான் வெட்டுச்சு. மத்ததெல்லாம் சும்மா," என்றாள். அத்தான் காது வரை சிவந்தார்.

கதையை இங்கே முடித்திருக்கலாம். எல்லாரும் சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள்.

7

அக்கா மலையிலிருந்த இரண்டாம் நாள், சாப்பிட என் வீட்டுக்கு வந்திருந்த அத்தானுக்கு ஆரஞ்சுப்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பூட்டு நிக்காதுன்னு எனக்குத் தெரியும்டா," என்றார்.

"அதான் அந்தம்மா சொன்னாங்களே."

"அவங்க சொல்றதுக்கு முன்னாடியே. கையில எடுத்ததும் தெரிஞ்சுது. இருவத்தாறு வருஷமா ஆடற முள்ளப் பாத்துட்டிருக்கேன், எது நிக்கும் எது நிக்காதுன்னு தெரியாதா?"

"அப்புறம் ஏன்?"

ஒரு சுளையை வெகுநேரம் மென்றார். "இடுப்பு நிஜமாவே பிடிச்சுது. காய்ச்சலும் நிஜம். இது மட்டும்..."

(அவர் முடிக்காத வாக்கியம். நானும் முடிக்கவில்லை.)

"இத எழுதிராத," என்றார்.

எழுதிவிட்டேன். சங்கடம் என்னவென்றால், நான் எழுதுவதையெல்லாம் முதலில் படித்துப் பிழை திருத்துபவள் அக்கா. அடுத்த மாதம் ஏழு நாள் நடைக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். இந்தப் பகுதியைக் கிழித்துவிட்டால், கைத்திறன் போதாத ஒரு மனிதரைப் பற்றிய சிரிப்புக்கதை மிஞ்சும். வைத்துக்கொண்டால் எனக்கு அத்தானை இன்னும் பிடிக்கிறது. ஆனால் அவரோடு குடித்தனம் நடத்துவது நானில்லையே. அக்கா படித்ததும் பயணத்தைக் கைவிடலாம். ஏழு நாளைப் பத்தாக்கலாம். அல்லது அந்த எக்ஸ்ரே அறையிலேயே எல்லாம் தெரிந்துகொண்டுவிட்டாளோ என்னவோ, சந்திப்பிழையை மட்டும் திருத்திக் கொடுக்கலாம்.

அழைப்பு மணி அடிக்கிறது. "கதவத் திறடா, கை வலிக்குது, பை கனக்குது!" அக்காதான்.

ஒன்றிலிருந்து ஆறு வரை ஒரு கையில் வைத்திருக்கிறேன். ஏழு, தனித் தாளாக மறுகையில். கதவைத் திறக்க ஒரு கை வேண்டும்.

இந்தாருங்கள், இதைக் கொஞ்சம் பிடியுங்கள்.